டைல் சுவரில் துளையிடாமல் மாட்டலாமா? எதை ஒட்டலாம், எதை ஒட்டவே கூடாது?

"துளையிடத் தேவையில்லை. ஆணி வேண்டாம். 10 கிலோகிராம் வரை தாங்கும்."

குளியலறைக்கு ஒரு சின்ன ஷெல்ஃப் வாங்கலாம் என்று இணையக் கடையைத் திறந்தால் இந்த வரிகள் உங்கள் கண்ணில் படாமல் இருக்காது. விலையும் சில வெள்ளிதான். வாங்கினோமா, பின்னால் இருக்கும் தாளை உரித்தோமா, டைல்மீது அழுத்தினோமா... வேலை முடிந்தது.

ஆனால் ஒரு வீட்டில் அந்த ஷெல்ஃப் ஆண்டுக்கணக்கில் அசையாமல் நிற்கிறது. இன்னொரு வீட்டில் ஒரே வாரத்தில் ஷாம்பு பாட்டில்களோடு தரையில் கிடக்கிறது. ஏன்?

பெரும்பாலும் பசையைக் குறை சொல்ல முடியாது. எந்தச் சுவரில், எவ்வளவு சுமையை, எப்படி ஒட்டினோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அதைவிட முக்கியமான கேள்வி ஒன்றும் உண்டு: அது விழுந்தால் என்ன ஆகும்? ஷாம்பு பாட்டில் விழுந்தால் சத்தம் கேட்கும், அவ்வளவுதான். பாட்டி பிடித்து எழும் கைப்பிடி கழன்றால்?

ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

துளையிட ஏன் தயங்குகிறோம்?

முதல் காரணம் வாடகை. சிங்கப்பூரில் ஓராண்டு ஒப்பந்தத்துக்கு ஒரு மாத வாடகையையும் ஈராண்டு ஒப்பந்தத்துக்கு இரண்டு மாத வாடகையையும் முன்பணமாகக் கட்டுவது வழக்கம். வீட்டு உரிமையாளரின் அனுமதி இல்லாமல் சுவரில் துளையிடக்கூடாது என்ற விதியும் பல ஒப்பந்தங்களில் இருக்கும். சாதாரணச் சுவரில் விழுந்த துளையை மாவு வைத்து அடைத்துச் சாயம் பூசிவிடலாம். டைலில் விழுந்த துளை அப்படி மறையாது. டைலையே மாற்ற வேண்டும். அதே நிறத்தில், அதே வடிவத்தில் டைல் இன்னும் கடையில் கிடைக்குமா என்பது அடுத்த தலைவலி.

இரண்டாவது காரணம் சுவருக்குள் இருப்பவை. தண்ணீர்க் குழாய், ஹீட்டருக்குப் போகும் மின்கம்பி எல்லாம் டைலுக்குப் பின்னால் ஓடலாம். எங்கே ஓடுகின்றன என்பது வெளியிலிருந்து தெரியாது. தரையிலும் சுவரின் கீழ்ப்பகுதியிலும் நீர் கசியாமல் தடுக்கும் பூச்சு ஒன்று டைலுக்கு அடியில் இருக்கும். அதில் ஓட்டை விழுந்தால் பிரச்சினை உங்கள் வீட்டோடு நிற்காது. கீழ்வீட்டுக் கூரையில் நீர் கசிந்தால், வீவக வீடுகளில் மேல்வீட்டாரும் கீழ்வீட்டாரும் சேர்ந்துதான் அதைச் சரிசெய்யப் பொறுப்பேற்க வேண்டும்.

மூன்றாவது காரணம் டைல் விரிசல். டைல் கடினமானது, ஆனால் வளையாது. தவறான அலகைப் போட்டாலும், டிரில்லைச் சுத்தியல் முறையில் ஓடவிட்டாலும் விரிசல் விடும்.

இன்னொன்றையும் இங்கே தெளிவுபடுத்திவிடலாம். புதிய வீவக வீடுகளில், புளோக் கட்டி முடிக்கப்பட்ட நாளிலிருந்து முதல் 3 ஆண்டுகளுக்குக் குளியலறையின் சுவர் டைல்களையும் தரை டைல்களையும் பெயர்க்கக்கூடாது. நீர்க்காப்புப் பூச்சு சேதமடையக்கூடாது என்பதற்காகத்தான் அந்த விதி. அது டைல்களைப் பெயர்ப்பது பற்றியது. துண்டுக் கம்பி மாட்ட இரண்டு சின்னத் துளை போடுவது வேறு விஷயம். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். சந்தேகம் இருந்தால் வீவக இணையத்தளத்தில் உள்ள புதுப்பிப்புப் பணி விதிகளைப் படித்துவிட்டுத் தொடங்குங்கள்.

சில புதிய குடியிருப்புகளில் குளியலறை முழுவதும் தொழிற்சாலையில் செய்யப்பட்டு, அப்படியே தூக்கி வைக்கப்பட்டிருக்கும். அதன் சுவர் மெல்லிய பலகையாக இருக்கலாம். அங்கே டிரில்லைக் கையில் எடுக்குமுன் கட்டட நிர்வாகத்திடம் கேட்டுவிடுவது நல்லது.

சரி, துளை இல்லாமல் எப்படி நிற்க வைப்பது?

நான்கு வழிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக வேலை செய்கிறது.

*1. சக்‌ஷன் கப்*

ரப்பர் கிண்ணத்தை அழுத்தும்போது உள்ளே இருக்கும் காற்று வெளியேறுகிறது. அதன்பிறகு வெளிக்காற்றின் அழுத்தம் கிண்ணத்தைச் சுவரோடு சேர்த்துப் பிடிக்கிறது. ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர்மீதும் ஏறக்குறைய 1 கிலோகிராம் எடைக்குச் சமமான அழுத்தம். 5 சென்டிமீட்டர் விட்டமுள்ள கிண்ணத்தின் பரப்பு சுமார் 20 சதுர சென்டிமீட்டர். கணக்குப்படி 20 கிலோகிராம் தாங்க வேண்டும், இல்லையா?

அங்கேதான் சிக்கல். அந்த 20 கிலோகிராம், கிண்ணத்தைச் சுவரிலிருந்து நேராக வெளியே இழுக்கும்போதுதான் பொருந்தும். நாம் மாட்டும் பொருள் கீழ்நோக்கி இழுக்கிறது. அதைத் தடுப்பது ரப்பருக்கும் டைலுக்கும் இடையிலுள்ள உராய்வு மட்டுமே. சோப்பு நீர் படிந்தால் அந்த உராய்வும் குறைந்துவிடும். போதாக்குறைக்கு ரப்பரின் ஓரத்தில் காற்று மெல்ல மெல்ல உள்ளே நுழையும். டைல் இடுக்கின்மேல் ஓரம் பட்டிருந்தால் இன்னும் சீக்கிரம். யாருமே தொடாத நள்ளிரவில் "டமார்" என்று விழுவதற்கு இதுதான் காரணம்.

அதனால் சக்‌ஷன் கப்பை லேசான பொருளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பல்துலக்கி, முகம் கழுவும் பஞ்சு, சவர ரேசர். வாரம் ஒருமுறை கழற்றித் துடைத்து மறுபடி அழுத்திவிடுங்கள்.

*2. ஒட்டும் பட்டை*

இப்போது அதிகம் விற்பது இதுதான். பின்பக்கம் பசையுள்ள நுரைப் பட்டை, அல்லது கண்ணாடிபோலத் தெரியும் ஸ்டிக்கர். நல்ல நுரைப் பட்டை வெறுமனே ஒட்டிக்கொண்டு நிற்பதில்லை. சுமை ஏறும்போது கொஞ்சம் நீண்டு, கொஞ்சம் வளைந்து, சுமையைத் தன் பரப்பு முழுவதும் பகிர்ந்துகொள்கிறது.

இதன் பலவீனம் இரண்டு. ஒன்று, பசை முழுப் பலத்தை உடனே காட்டாது. உறுதியான நுரைப் பட்டைகள் 20 நிமிடத்தில் ஏறக்குறைய பாதிப் பலத்தையும் 24 மணி நேரத்தில் 90 விழுக்காட்டையும் எட்டும். முழுப் பலத்துக்கு 72 மணி நேரம் ஆகும். இரண்டு, ஒரு நிமிடம் தாங்குவது வேறு, ஒரு வருடம் தாங்குவது வேறு. இடைவிடாத சுமையில் பசை மெதுவாக நழுவும். இன்று கையால் இழுத்துப் பார்த்து "செம்மயா ஒட்டிக்கிச்சு" என்று சொல்வது அடுத்த ஆண்டுக்கான உத்தரவாதம் ஆகாது.

*3. குழாய்ப் பசையும் சிலிகானும்*

டியூபிலிருந்து பிதுக்கி ஒட்டும் பசை. துண்டுக் கம்பி, சற்றுக் கனமான ஷெல்ஃப் போன்றவற்றுக்கு ஒட்டும் பட்டையைவிட இது நம்பகமானது. ஆனால் எல்லா டியூபும் ஒன்றல்ல.

நீர் கலந்த கட்டுமானப் பசை காய வேண்டுமென்றால் அதிலுள்ள நீர் எங்காவது வெளியேற வேண்டும். மரத்திலோ சிமெண்டிலோ ஒட்டினால் அது நீரை உறிஞ்சிவிடும். டைலும் உறிஞ்சாது, பிளாஸ்டிக்கும் உறிஞ்சாது. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட பசை நாள்கணக்கில் ஈரமாகவே கிடக்கும். குளியலறை டைலுக்கு அது சரிப்படாது.

சிலிகான் வேறு மாதிரி. அது காற்றிலுள்ள ஈரப்பதத்தை எடுத்துக்கொண்டு கெட்டியாகிறது. அதனால் தட்டு முழுக்க அப்பிவிட்டால் ஓரம் மட்டும் காய்ந்து நடுப்பகுதி ஈரமாகவே இருக்கும். செங்குத்தான சில கோடுகளாக, இடைவெளி விட்டு இடுங்கள். அந்த இடைவெளி வழியாகக் காற்று உள்ளே போகும். இறுகும்வரை தட்டு வழுக்கி இறங்காமலிருக்க அதன்மேல் காகித டேப் ஒட்டி வையுங்கள்.

வினிகர் வாடை வரும் சிலிகானும் கடையில் உண்டு. அது இறுகும்போது அமிலம் வெளிவரும். உலோகத்தில் துரு ஏற்றும், கண்ணாடியின் பின்பூச்சைக் கெடுக்கும், பளிங்குக் கல்லை அரிக்கும். "நியூட்ரல்" என்று போட்டிருக்கும் டியூபாகப் பார்த்து வாங்குங்கள்.

"சூப்பர் குளூ போட்டா என்ன?" என்று கேட்கலாம். அது இறுகியதும் உடையும் தன்மையுள்ளதாகிவிடும். பாட்டிலை எடுத்து எடுத்து வைக்கும் சின்ன அதிர்ச்சிகளிலேயே பெயர்ந்துவிடக்கூடும். கழற்றுவதும் கஷ்டம்.

*4. அழுத்தி நிற்கும் கம்பி*

பசையே வேண்டாம். இரு சுவர்களுக்கு நடுவே ஸ்பிரிங் அழுத்தத்தில் நிற்கும் திரைக் கம்பி. தரையிலிருந்து கூரைவரை ஊன்றி நிற்கும் மூலை அலமாரி. வாடகை வீட்டுக்குத் தோதானவை. முனைகளில் ரப்பர் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். உங்கள் குளியலறையில் பொய்க்கூரை இருந்தால் மூலை அலமாரியைத் தவிர்த்துவிடுங்கள். அந்த மெல்லிய பலகை அழுத்தத்தைத் தாங்காது.

கதவின் மேல்விளிம்பில் தொங்கும் கொக்கியையும் மறந்துவிடாதீர்கள். ஈரத் துண்டு போட அதைவிட எளிய வழி இல்லை.

"10 கிலோகிராம் தாங்கும்" என்பதை நம்பலாமா?

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

1 லிட்டர் ஷாம்பு பாட்டில் ஏறக்குறைய 1 கிலோகிராம். உடல் கழுவும் திரவம் இன்னொரு கிலோகிராம். தம்பிக்குத் தனி ஷாம்பு, அதுவும் 1 லிட்டர். அரை லிட்டர் கண்டிஷனர் ஒன்று. மொத்தம் 3.5 கிலோகிராம். ஷெல்ஃபின் சொந்த எடை 700 கிராம் என்று வைத்துக்கொண்டால் 4.2 கிலோகிராம்.

உறுதியான நுரைப் பட்டைகளுக்குத் தொழில்துறையில் ஒரு பொதுக் கணக்கு உண்டு. எப்போதும் தொங்கும் சுமையில் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் சுமார் 55 சதுர சென்டிமீட்டர் பட்டை வேண்டும். அப்படியானால் நம் ஷெல்ஃபுக்குத் தேவை 231 சதுர சென்டிமீட்டர். அதாவது பக்கத்துக்கு 15 சென்டிமீட்டர் உள்ள ஒரு பெரிய சதுரம்.

உங்கள் ஷெல்ஃபுடன் வந்தது, பக்கத்துக்கு 7 சென்டிமீட்டர் உள்ள இரண்டு ஸ்டிக்கர்கள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் சேர்ந்து 98 சதுர சென்டிமீட்டர். அதே கணக்கில் அது தாங்குவது 2 கிலோகிராமுக்கும் குறைவு.

பசைக்குப் பசை இந்த எண் மாறும். ஆனாலும் ஒன்று புரிகிறது. பெட்டியில் எழுதியிருக்கும் எடை, சுத்தமான மேற்பரப்பில் நன்றாக ஒட்டிச் சோதித்தபோது கிடைத்த எண்ணாக இருக்கலாம். நீராவியும் சோப்பும் சூழ்ந்த உங்கள் குளியலறையில், மாதக்கணக்கில் தொங்கும் சுமைக்கு அது பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எழுதியிருப்பதில் கால்பங்கை ஏற்றினால் நிம்மதியாகத் தூங்கலாம்.

எடை மட்டுமல்ல, அது சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதும் முக்கியம். சுவரிலிருந்து 12 சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கும் ஷெல்ஃபில் பாட்டில்களை வைத்தால், அந்தச் சுமை ஸ்டிக்கரைக் கீழே இழுப்பதோடு நிற்காது. மேல்விளிம்பைச் சுவரிலிருந்து உரிக்கவும் பார்க்கும். பசைக்குப் பிடிக்காத விசை அதுதான். ஒரு டேப்பை மொத்தமாகப் பிடுங்குவது கடினம், ஆனால் ஒரு மூலையைத் தூக்கிவிட்டால் எளிதாக உரிந்துவரும் அல்லவா? அதேதான். எனவே பின்தட்டு உயரமாகவும் ஷெல்ஃப் அகலம் குறைவாகவும் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். கனமான பாட்டிலைச் சுவரை ஒட்டி வையுங்கள்.

துண்டுக் கம்பிக்கும் இது பொருந்தும். காய்ந்த துண்டின் எடையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். நனைந்த துண்டு அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் கனக்கலாம்.

முதலில் சுவரைப் பாருங்கள்

பளபளப்பான டைல்தான் பசைக்குப் பிடித்த இடம். கண்ணாடித் தடுப்பும் அப்படியே. சொரசொரப்பான டைலில் பசை மேடுகளை மட்டும் தொடும், பள்ளங்களைத் தொடாது. ஒட்டும் பரப்பு குறைந்துவிடும். அங்கே டியூப் பசைதான் சரி, அது பள்ளத்தையும் நிரப்பும்.

சின்னச் சின்னக் கட்டங்களாக இருக்கும் மொசைக் டைலில் ஸ்டிக்கர் வேண்டாம். இடுக்குகள் வழியாக ஈரம் உள்ளே போய்விடும். பளிங்குக் கல்லில் சில பசைகள் எண்ணெய்போல ஊறிக் கறை விடும். சாயம் பூசிய சுவரில் பசை நன்றாக ஒட்டும், ஆனால் சாயம் சுவரோடு ஒட்டியிருக்காது. ஷெல்ஃப் விழும்போது சாயமும் சேர்ந்து வரும். டைல்மீது ஒட்டிய அலங்காரத் தாளுக்கும் அதே கதைதான்.

இன்னொரு சோதனை: விரல் மூட்டால் டைலைத் தட்டிப் பாருங்கள். பக்கத்து டைல் "டக் டக்" என்று கெட்டியாக ஒலிக்க, இது மட்டும் "டொக் டொக்" என்று பொள்ளலாக ஒலித்தால் அந்த டைலே சுவரோடு சரியாக ஒட்டவில்லை. எவ்வளவு நல்ல பசை போட்டாலும் பயனில்லை. வேறு டைலுக்கு மாறுங்கள்.

ஒட்டும் முறை: அவசரம் வேண்டாம்

சிங்கப்பூரில் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். சன்னல் இல்லாத குளியலறையில் குளித்து முடித்த பிறகு சொல்லவே வேண்டாம். டைல்மீது கண்ணுக்குத் தெரியாத ஈரப்படலம் இருந்தால் பசை டைலைத் தொடாது, நீரைத்தான் தொடும். எனவே:

- பாத்திரம் கழுவும் திரவத்தால் டைலைத் தேய்த்துக் கழுவுங்கள். சோப்புப் படிவும் கண்டிஷனர் பிசுக்கும் போக வேண்டும்.
- கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். தண்ணீர் சீராகப் பரவினால் டைல் சுத்தம். முத்து முத்தாக உருண்டு நின்றால் இன்னும் பிசுக்கு இருக்கிறது.
- கதவைத் திறந்து வைத்து, முடிந்தால் மின்விசிறியைக் குளியலறைப் பக்கம் திருப்பி, சில மணி நேரம் காயவிடுங்கள்.
- கடைசியாக மருந்துக்கடையில் கிடைக்கும் ஆல்கஹால் துடைப்பானால் துடையுங்கள். அது காய்ந்தபின் விரலால் தொடாதீர்கள். விரலிலும் எண்ணெய் உண்டு.
- எங்கே ஒட்டப் போகிறீர்கள் என்பதைக் காகித டேப்பால் முன்கூட்டியே குறித்துக்கொள்ளுங்கள். ஒட்டிய பிறகு "கொஞ்சம் வலப்பக்கம்" என்று நகர்த்த முடியாது. ஸ்டிக்கர் முழுவதும் ஒரே டைலுக்குள் அமைய வேண்டும், இடுக்கின்மேல் படக்கூடாது.
- ஒரு ஓரத்திலிருந்து மெல்லப் பதித்து, காற்றுக் குமிழி இல்லாமல் உள்ளங்கையால் பலமாக அழுத்துங்கள். குறைந்தது 30 வினாடி.
- பிறகு காத்திருங்கள். பெட்டியில் எவ்வளவு நேரம் போட்டிருக்கிறதோ அவ்வளவு. எதுவும் போடவில்லையென்றால் ஒரு முழு நாளாவது எதையும் மாட்டாதீர்கள், அங்கே குளிக்கவும் வேண்டாம்.

கடைசி விதிதான் குடும்பத்தில் எல்லாரும் மீறும் விதி. வீட்டில் இரண்டு குளியலறை இருந்தால் பிரச்சினை இல்லை. ஒன்றுதான் என்றால்? வார இறுதியில் ஜொகூருக்குப் போகிறீர்களா? கிளம்புவதற்குச் சற்றுமுன் ஒட்டிவிட்டுப் போங்கள்.

வீட்டைக் காலி செய்யும்போது?

துளை இல்லை என்பதால் தடயமே இருக்காது என்று நினைக்க வேண்டாம். அவசரப்பட்டுப் பிடுங்கினால் பொள்ளலான டைல் கையோடு வந்துவிடும்.

இழுத்துக் கழற்றும் வால் உள்ள பட்டை என்றால், வாலைச் சுவரோடு ஒட்டினாற்போல் நேராகக் கீழே, மெதுவாக இழுங்கள். உங்களை நோக்கி இழுக்காதீர்கள். மற்ற ஸ்டிக்கர்களுக்கு வெப்பம் உதவும். சுடுநீரில் நனைத்துப் பிழிந்த துணியைச் சில நிமிடம் அதன்மேல் வையுங்கள். பசை இளகும். பிறகு பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் நூலைப் பின்னால் விட்டு, அறுப்பதுபோல் இப்படியும் அப்படியும் இழுங்கள். முடியை உலர்த்தும் கருவியைக் குளியலறைக்குள் ஒயர் இழுத்துக் கொண்டுபோவது வேண்டாம். ஈரத் தரையும் மின்சாரமும் சேரக்கூடாது.

மிச்சப் பசையைப் பிளாஸ்டிக் அட்டையால் சுரண்டிவிட்டு ஆல்கஹாலால் துடைத்துவிடலாம். சிலிகானையும் பிளாஸ்டிக் தகட்டால் சுரண்ட வேண்டியதுதான். பளிங்குக் கல்லாக இருந்தால் வினிகரோ எலுமிச்சையோ பக்கத்திலேயே வரக்கூடாது. அமிலம் பட்ட இடம் மங்கிப்போகும்.

இவற்றை ஒட்டவே கூடாது

இதுவரை பேசியதெல்லாம் பொருள்களைப் பற்றி. இனி மனிதர்களைப் பற்றி.

குளியலறைக் கைப்பிடிகளிலும் "துளை வேண்டாம்" வகை விற்கிறது. இரு முனையிலும் பெரிய சக்‌ஷன் கப், நடுவில் பிடி. தாத்தா பாட்டிக்கு நல்லது என்று நினைத்து யாராவது வாங்கி மாட்டிவிடலாம்.

யோசித்துப் பாருங்கள். கைப்பிடியை ஒருவர் எப்போது உண்மையாகவே பிடிக்கிறார்? கால் வழுக்கும்போது. அந்த நொடியில் அவருடைய உடல் எடை மெதுவாக ஏறுவதில்லை, ஒரே வெட்டில் விழுகிறது. 60 கிலோகிராம் உள்ளவர் சட்டென்று இழுக்கும் விசை அவருடைய எடையையும் தாண்டலாம். கைகள் ஈரம், சுவர் ஈரம். சக்‌ஷன் கப்புக்குள் காலையிலிருந்து எவ்வளவு காற்று நுழைந்திருக்கிறது என்பது யாருக்கும் தெரியாது. கைப்பிடியே இல்லாத இடத்தில் ஒருவர் கவனமாக நடப்பார். கைப்பிடி இருப்பதை நம்பி எழுந்தவர் கையில் அது கழன்று வந்தால் அவருக்குத் தடுமாறக்கூட நேரம் இருக்காது.

அதனால் கைப்பிடி என்றால் சுவருக்குள் இறங்கிய திருகாணிதான். இங்கே துளைக்குத் தயங்கக்கூடாது.

இதற்கு உதவியும் இருக்கிறது. வீவக 2012ஆம் ஆண்டில் தொடங்கிய ஈஸ் எனும் மூத்தோருக்கான வீட்டு மேம்பாட்டுத் திட்டத்தின்கீழ் குளியலறையில் கைப்பிடிகளைப் பொருத்தலாம். தரை டைல் வழுக்காமலிருக்கப் பூச்சுப் பூசலாம், வீட்டு வாசலில் சரிவுப் பாதையும் அமைக்கலாம். 2024ஆம் ஆண்டு ஏப்ரலில் திட்டம் மேலும் விரிவாக்கப்பட்டது. சிங்கப்பூர்க் குடிமக்களின் வீவக வீட்டில் 65 வயது அல்லது அதற்கு மேற்பட்ட குடும்ப உறுப்பினர் இருந்தால் விண்ணப்பிக்கலாம். 60 முதல் 64 வயதுக்குள் இருந்து அன்றாடக் காரியங்களுக்கு உதவி தேவைப்படுபவர் இருந்தாலும் விண்ணப்பிக்கலாம். வீட்டின் வகையைப் பொறுத்து, செலவில் 95 விழுக்காடுவரை அரசாங்கம் ஏற்றுக்கொள்கிறது. இணையத்தில் விண்ணப்பிக்கலாம். ஆங்கிலப் படிவத்தைப் பார்த்துப் பாட்டி தயங்கினால், பக்கத்தில் உட்கார்ந்து நிரப்பிக் கொடுக்க நீங்கள் இருக்கிறீர்கள்.

கைப்பிடியோடு சேர்த்து, பசையை நம்பக்கூடாத வேறு சிலவும் உண்டு:

- உட்கார்ந்து குளிக்கும் மடக்கு இருக்கை
- வாட்டர் ஹீட்டர்
- கை கழுவும் தொட்டி
- கண்ணாடிக் கதவுள்ள அலமாரி
- குழந்தை பிடித்துத் தொங்கக்கூடிய உயரத்தில் உள்ள எந்தக் கம்பியும்

ஹீட்டரைப் பொறுத்தவரை சுவரில் மாட்டுவது மட்டுமல்ல, மின் இணைப்பும் உரிமம் பெற்ற மின்பணியாளரின் வேலை. அதில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

வாடகை வீட்டில் இருக்கிறீர்கள், ஆனால் கைப்பிடி தேவை என்றால் உரிமையாளரிடம் கேளுங்கள். எழுத்தில் அனுமதி வாங்குங்கள், குறுஞ்செய்தியாக இருந்தாலும் போதும். துளையிடும் ஆளிடம் இரண்டே விஷயம் சொல்லுங்கள்: டைலுக்கான அலகு, சுத்தியல் முறை வேண்டாம். குழாயும் மின்கம்பியும் எங்கே ஓடுகின்றன என்பதைக் கருவி வைத்துச் சோதித்த பிறகே தொடங்கச் சொல்லுங்கள்.

சுருக்கமாக...

கடையில் நிற்கும்போது எல்லாம் நினைவில் இருக்காது. ஒரே கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: "இது விழுந்தா என்ன ஆகும்?"

"எடுத்து மறுபடி ஒட்டிக்கலாம்" என்பது பதிலானால் சக்‌ஷன் கப்போ ஸ்டிக்கரோ போதும். "பாட்டில் உடையும், டைல் கீறும்" என்றால் நல்ல நுரைப் பட்டை அல்லது நியூட்ரல் சிலிகான், கூடவே ஒருநாள் பொறுமை. "யாருக்காவது அடிபடும்" என்றால் திருகாணி.

இன்று வீட்டுக்குப் போனதும் குளியலறையை ஒருமுறை நோட்டம் விடுங்கள். துண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு யாராவது எழுகிறார்களா? அப்படியென்றால் அது வெறும் துண்டுக் கம்பி இல்லை. அந்த இடத்தில் ஒரு கைப்பிடி வேண்டும்.